கால் இல்லாத கட்டில்

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வதில் சிலரை யாராலும் மிஞ்ச முடியாது. லிஃப்ட்காரர் அந்த ரகம். கட்டிலுக்குக் கால் வேண்டாம் என்று சொன்னது அவருடைய மனைவி இல்லை, தச்சர் இல்லை, ஜப்பான்காரனும் இல்லை. அவரேதான்.

லிஃப்ட்காரர் என்றால் லிஃப்டுக்குள் நின்று பொத்தான் அழுத்துகிறவர் என்று நினைத்துவிட வேண்டாம். பழுது பார்க்கிறவர். உயரமான கட்டடங்களில் லிஃப்ட் நின்றுபோனால் மக்கள் அவரைத்தான் தேடுவார்கள். அவருடைய மனைவி குடிநீர் வழங்கும் அலுவலகத்தில் புகார்ப் பிரிவில் இருந்தாள். காலையில் காதில் மாட்டுகிற ஹெட்ஃபோனைச் சாயங்காலம்தான் கழற்றுவாள். தண்ணீர் வரவில்லை, வந்த தண்ணீர் கலங்கல், குழாய் உடைந்து தெரு குளமாகிவிட்டது என்று ஊரில் உள்ள அத்தனை கோபமும் அவள் காது வழியாகத்தான் போயாக வேண்டும். "தொட்டியக் கழுவிட்டேன்னு பொய் சொல்றவங்க, சொல்றதுக்கு முன்னாடி சின்னதா ஒரு மூச்ச உள்ள இழுப்பாங்க. அத வெச்சே கண்டுபிடிச்சிடுவேன்" என்று அவள் பெருமையடித்துக்கொள்வதுண்டு. லிஃப்ட்காரர் அதைக் கேட்டுச் சிரிப்பார். சிரித்ததோடு விட்டுவிட்டதுதான் அவர் செய்த தப்பு.

ஒரு நாள் அவள் ஏதோ பத்திரிகையிலிருந்து கிழித்த படத்தை அவர் முன்னால் வைத்தாள். ஜப்பானியப் படுக்கையறை. மண் நிறத்தில் சுவர், தரையில் கோரைப்பாய், காகிதம் ஒட்டிய விளக்கு, ஜன்னலுக்கு மூங்கில் தட்டி, மூலையில் ஒரு ஜாடி, ஜாடியில் ஒரே ஒரு கிளை. வேறு எதுவும் இல்லை.

"நம்ம ரூம இப்படி மாத்தப்போறேன். வீட்டுல ஒரு ரூமாவது கத்தாம இருக்கட்டும்."

"ரூம் எங்கடி கத்துது?"

"அந்தப் பச்சை பீரோ கத்துது. பூப்போட்ட திரை கத்துது. கட்டிலுக்குக் கீழ அடைச்சு வெச்சிருக்கீங்களே உங்க பழைய வயரு, மோட்டாரு, அது எல்லாம் சேர்ந்து கத்துது."

லிஃப்ட்காரர் படத்தை மறுபடி பார்த்தார். அப்போதுதான் அந்தக் கட்டில் கண்ணில் பட்டது. கட்டில் என்று சொல்வதே அதிகம். தரையோடு தரையாக ஒரு பலகை, அதன்மேல் மெத்தை. அதைப் பார்த்ததும் படத்தைக் கவிழ்த்து வைத்தார்.

காரணம் இதுதான். சில மாதங்களாக அவரால் தரையிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை. உட்காருவதில் சிரமமில்லை, நடப்பார், படி ஏறுவார், ஏணி ஏறுவார். ஆனால் கீழே உட்கார்ந்துவிட்டால் வலது முழங்கால் பூட்டிக்கொள்ளும். எதையாவது பிடித்து இழுத்துத்தான் உடம்பைத் தூக்க வேண்டும். இந்த விஷயம் ஒரு ஈ, காக்காய்க்குக்கூடத் தெரியாது என்பது அவருடைய நம்பிக்கை. அதற்காக அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. ஷூ கயிற்றை மாடிப்படியில் கால் வைத்துத்தான் கட்டுவார். சாவி கீழே விழுந்தால் கால் கட்டை விரலால் கவ்வி எடுப்பார். குளியலறையில் குட்டை ஸ்டூலிலிருந்து எழும்போது முழங்கால் நறநறக்கும் என்பதால் முதலில் குழாயைத் திறந்துவிடுவார். குழாய் இல்லாத இடத்தில் ஏதாவது ஒரு பாட்டை முனகுவார். அவருக்குப் பாட வராது.

மனைவியிடம் சொன்னால் என்ன? சொன்னால் மறுநாளே டாக்டர். டாக்டர் சொன்னால் லிஃப்ட் பக்கமே போக முடியாது. லிஃப்ட் வேலையில் பாதி, குழிக்குள் இறங்கிக் குந்தி உட்கார்ந்து பார்க்கிற வேலை. குந்த முடியாதவனை ஆபீஸில் நாற்காலியில் உட்கார வைத்து, மற்றவர்கள் எங்கே போகிறார்கள் என்று போனில் கேட்டுக்கொண்டிருக்கச் சொல்வார்கள். அதைவிடச் சாவதே மேல் என்று அவர் நினைத்தார். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தார்.

"கட்டில் ரொம்பத் தணிவா இருக்கு. உங்களுக்கு சௌகரியப்படுமா? வேணும்னா தச்சர்கிட்ட சொல்லிக் கால் வெச்சுக்கலாம்" என்றாள் மனைவி.

தெய்வமே இறங்கி வந்து கேட்ட கேள்வி அது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

"எனக்கென்ன கேடு?" என்றார் லிஃப்ட்காரர். "தினம் எத்தனை மாடி ஏறி இறங்கறேன் தெரியுமா? காலெல்லாம் வேணாம். ஜப்பான்னா ஜப்பான் மாதிரியே இருக்கட்டும்."

சொல்வதற்கு முன்னால் சின்னதாக ஒரு மூச்சை உள்ளே இழுத்தார்.

அளவெடுக்கத் தச்சர் வந்தார். காதில் பென்சில், வாயில் எப்போதும் ஒரு கிராம்பு. பீரோவும் பழைய கட்டிலும் வெளியே போய், அறை காலியாகக் கிடந்தது. "இவ்வளவு உயரந்தான் வரும்" என்று தச்சர் தரையிலிருந்து ஒரு சாண் காட்டினார். மனைவி, "சும்மா ஒரு தரம் உக்காந்து பாருங்களேன்" என்றாள்.

தச்சர் முன்னால் மறுக்க முடியுமா? சம்மணம் போட்டு ராஜா மாதிரி உட்கார்ந்தார். "பிரமாதம்" என்றார். உட்கார்ந்த பிறகுதான், பிடித்துக்கொள்ள அந்த அறையில் ஒரு துரும்புகூட இல்லை என்பது உறைத்தது. ஜன்னல் அந்தக் கோடியில். பீரோ இல்லை. தச்சர் அளவெடுத்து முடித்துக் கிளம்பிவிட்டார். மனைவி வாசல்வரை போய்த் திரும்பி வந்தாள். லிஃப்ட்காரர் இன்னும் தரையில்தான் இருந்தார்.

"என்ன பண்றீங்க?"

"ஒரு ஸ்க்ரூ விழுந்துடுச்சு. தேடறேன்."

அவள் போய் டார்ச்சை எடுத்து வந்தாள். தானும் குனிந்து வெளிச்சம் அடித்தாள். துடைத்துவிட்ட தரை, நாலு பக்கமும் பளபளவென்று கிடந்தது.

"எவ்வளவு பெருசு?"

"சின்னதுதான்."

"எதுலேந்து விழுந்தது?"

"அதான் தெரியல."

அவள் கொஞ்ச நேரம் மும்முரமாகத் தேடினாள். அப்புறம் "அடுப்புல பால் வெச்சேன்" என்று எழுந்து போனாள். லிஃப்ட்காரர் தவழ்ந்து போய் ஜன்னல் கட்டையைப் பிடித்து எழுந்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டார். தப்பித்தோம் என்று நினைத்தார். அன்றைக்கு அடுப்பில் பால் வைக்கவே இல்லை என்பதை அவர் கவனிக்கவில்லை.

அதிலிருந்து அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. சுவருக்கு மண் நிறம் அடித்தார்கள். மனசை அமைதிப்படுத்தும் நிறமாம். அவருக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் குழி ஞாபகம்தான் வந்தது. கோரைப்பாய் வந்தது. கூழாங்கற்கள் வந்தன. ஒன்றுமே இல்லாத அறை ஒன்றை உண்டாக்க வீட்டுக்குள் இத்தனை சாமான் வருவானேன் என்று எரிச்சலாக வந்தது. அமைதி, அமைதி என்று மனைவி சொல்லச் சொல்ல, அவருக்கு எதையாவது போட்டு உடைக்கலாம் போலிருந்தது. கட்டிலைத் தள்ளிப்போடத் தனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் காட்டினார். தரையில் படுத்தால் எறும்பு வரும் என்றார். ஈரம் ஏறும் என்றார். ஜப்பானிலேயே இப்போதெல்லாம் உயரமான கட்டில்தானாம் என்றார். "நீங்கதானே கால் வேணாம்னீங்க?" என்று அவள் கேட்டாள். "இப்பவும் சொல்லலாம். வெச்சுக்கலாமா?"

"யாருக்கு வேணும்?" என்று முறைத்துவிட்டு வெளியே போய்விட்டார். பிடிவாதம் என்று ஒன்று இருக்கிறதே, அது முழங்காலைவிட மோசமாகப் பூட்டிக்கொள்ளும்.

அவரைப் படுத்தியது கட்டில் மட்டும் இல்லை. குழியில் நடந்தது ஒன்று இருந்தது. அதை அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை.

லிஃப்ட் வேலைக்கு எப்போதும் ஜோடியாகத்தான் போவார்கள். அவருடைய ஜோடிக்குப் பெயர் சைரன். அவன் குரல் அப்படி. சைரன் மேலே மோட்டார் அறையில் இருப்பான், இவர் கீழே. லிஃப்ட் பாதைக்கு அடியில் ஒரு குழி உண்டு. குழிக்குள் இறங்குமுன், குழிச் சுவரில் வெளியே இருந்தும் கை எட்டும்படி உள்ள சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டும். அது அழுந்தியிருக்கும்வரை லிஃப்ட் நகராது. வேலை முடிந்து வெளியே வந்த பிறகுதான் பொத்தானைத் திருகி விடுவிக்க வேண்டும். பிறகு "வெளியே!" என்று கத்த வேண்டும். அப்புறம்தான் மேலே இருப்பவன் லிஃப்டை ஓட்டுவான். இதில் முன்பின் கிடையாது. எத்தனையோ வருஷமாக அவர் இதைத்தான் செய்துகொண்டிருந்தார்.

அன்றைக்குக் குழியில் குந்தி உட்கார்ந்து எண்ணெய் கசிகிறதா என்று பார்த்தார். எழப் போனபோது முழங்கால் பூட்டிக்கொண்டது. மண்டியிட்டபடி கிடந்தார். ஏணி எதிர்ச் சுவரில். மேலேயிருந்து சைரன் கத்தினான். "என்னய்யா, வெளிய வந்தாச்சா? எவ்வளவு நேரம்?"

"வந்தாச்சு!" என்றார்.

ஏன் அப்படிச் சொன்னார்? வெட்கம். வேறொன்றும் இல்லை. அதற்குள் எழுந்துவிடலாம் என்று ஒரு நப்பாசை.

"அப்புறம் ஏன் லிஃப்ட் நகரல? பொத்தான எடுத்து வுடு!"

பொத்தான் அவர் தோளுக்குப் பக்கத்திலேயே இருந்தது. கை நீண்டது. வந்தாச்சு என்று சொன்னவன் அடுத்துச் செய்யவேண்டியது அதுதானே? கை பொத்தானைப் பிடித்துத் திருகவும் தொடங்கியது. அப்போதுதான் தற்செயலாக நிமிர்ந்தார். தலைக்கு மேலே இருட்டில் லிஃப்டின் அடிப்பாகம் தெரிந்தது. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "பொத்தான் இறுகிப்போச்சு, இரு!" என்று இன்னொரு பொய் சொல்லிவிட்டு, எதிர்ச் சுவருக்குத் தவழ்ந்து போய், ஏணியைப் பிடித்து ஏறி வெளியே வந்தார். பிறகு பொத்தானை விடுவித்தார். லிஃப்ட் எந்நாளும் போல அழகாக இறங்கி வந்து நின்றது. உள்ளே யாரோ ஒருவர் காய்கறிப் பையோடு நின்றிருந்தார்.

முழங்கால் வலித்தது அவருக்குப் பெரிதில்லை. அந்தக் கை தானாகப் போனதுதான் அவரைத் தின்றது. சாப்பிடும்போது அந்தக் கையைப் பார்ப்பார். நெருப்பை மடியில் கட்டிக்கொண்டு திரிகிற மாதிரிதான் அதன் பிறகு அவர் வேலைக்குப் போய்வந்தார்.

கட்டிலைப் போட வந்த அன்று அவர் வீட்டில் இல்லை. வேலை முடிந்து வந்து பார்த்தால், கட்டிலோடு கூட இன்னொரு அநியாயமும் நடந்திருந்தது. அவர் படுக்கிற பக்கம், தலைமாட்டுக்குச் சற்றுத் தள்ளி, தரையிலிருந்து கூரைவரை ஒரு மரக்கம்பம். பட்டை உரித்த முழு மரம். நேராகக்கூட இல்லை, இடுப்பு ஒடிந்த மாதிரி ஒரு வளைவு.

"இது எதுக்கு?"

"அழகுக்கு. அந்த ஊருல ரூம்ல இப்படி ஒரு மரம் நடுவாங்களாம். படுத்துக்கிட்டுப் பாத்தா காட்டுல இருக்கிற மாதிரி இருக்கும்."

"காட்டுல போய் முட்டிக்கிட்டுச் சாகவா? நடக்கற வழியில கொண்டு வந்து நட்டிருக்கியே. உன் பக்கம் நட வேண்டியதுதானே?"

"இங்கதான் வெளிச்சம் விழுது" என்றாள் அவள்.

லிஃப்ட்காரர் தலையில் அடித்துக்கொண்டார். அந்த வாரம் முழுக்க ஹாலில் இருந்த நாற்காலியிலேயே தூங்கினார். டிவி பார்த்துக்கொண்டே கண் அசந்துவிட்டதாகச் சொன்னார். பெயின்ட் வாடை தலையை வலிக்கிறது என்றார். மனைவி புது அறையில் தனியாகப் படுத்துக்கொண்டாள். அவளுக்கு அது வேதனையாகத்தான் இருந்தது. 

விடுமுறை நாள் மத்தியானம் ஜாடிக்கு ஒரு கிளை கொண்டு வந்தாள். தெருமுனையில் ஒடிந்து கிடந்ததாம். வைத்துவிட்டு, தள்ளி நின்று பார்த்தாள். "எல்லாம் முடிஞ்சுது. ஒரே ஒரு தரம் வந்து படுத்துப் பாருங்க. பிடிக்கலன்னா அப்புறம் உங்க இஷ்டம்."

அவள் குரலில் இருந்தது கோபமாக இருந்திருந்தால் அவர் தப்பித்திருப்பார். கெஞ்சல் இருந்தது. போய்ப் படுத்தார். அவள் சமையலறைக்குப் போனாள்.

படுத்ததும் அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. மூங்கில் தட்டி வழியே வந்த வெயில் பாயில் கோடு கோடாக விழுந்திருந்தது. ஜாடிக் கிளையின் நிழல் சுவரில் லேசாக ஆடியது. அறையில் கண்ணைப் பிடித்து இழுக்கிற சாமான் ஒன்றுகூட இல்லை. பல மாதங்களுக்குப் பிறகு அவருடைய தோள் தானாகத் தளர்ந்தது. நன்றாகத்தான் செய்திருக்கிறாள் என்று நினைத்தார். அதை நேரில் சொல்லியிருக்கலாம் என்றும் நினைத்தார்.

"டீ ஆறுது, வாங்க!"

அவ்வளவுதான். போன நிம்மதி போனதுதான். உருண்டு பார்த்தார். இடது காலை ஊன்றிப் பார்த்தார். மண்டியிட்டு எழப் பார்த்தார். பூட்டிக்கொண்டது. ஜன்னல் எட்டாது. ஸ்க்ரூ கதை இன்னொரு தரம் செல்லாது. வியர்த்துக் கொட்டியது. கை காற்றில் துழாவியது, எதிலோ பட்டது. கம்பம்.

பிடித்தார், இழுத்தார், எழுந்து நின்றார்.

இவ்வளவு சுலபமாகவா? நம்பமுடியாமல் மறுபடி கட்டிலில் உட்கார்ந்து கையை நீட்டினார். கை போன இடத்தில் கம்பம் வளைந்திருந்தது. அந்த வளைவு அவருடைய உள்ளங்கைக்கு அளவெடுத்த மாதிரி இருந்தது. மற்ற இடமெல்லாம் மரம் சொரசொரப்பு. அந்த ஒரு பிடி மட்டும் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கியிருந்தது. நின்றுகொண்டு பிடிக்க வேண்டிய உயரத்திலும் அதே வழவழப்பு.

லிஃப்ட்காரரின் கண் கம்பத்தின் அடிக்குப் போனது. தொழில் புத்தி. அடியைச் சுற்றி ஒரு மரவளையம் மூடியிருந்தது. உட்கார்ந்தபடியே நகத்தால் நெம்பினார், வளையம் கழன்று வந்தது. உள்ளே இரும்புத் தகடு, தகட்டின் நாலு மூலையிலும் போல்ட். லிஃப்ட் ஓடும் தண்டவாளத்தைச் சுவரோடு பிணைக்கிற அதே போல்ட். ஒரு ஆளையல்ல, ஆள் நிறைந்த பெட்டியையே தாங்குகிற சாமான். அழகுக்கு நட்ட மரத்துக்கு இரண்டு ஆணி போதும் என்பது அவருக்குத் தெரியாதா?

நிமிர்ந்தார். மனைவி டீயோடு வாசலில் நின்றிருந்தாள்.

"உங்க டூல்ஸ் பெட்டியிலேந்துதான் எடுத்தேன்" என்றாள். "தச்சர் ஆணி அடிச்சா போதும்னார். ஆள் பாரம் தாங்கணும்னு சொன்னேன்."

லிஃப்ட்காரருக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. "எப்ப தெரியும்?"

"குழாயத் திறந்து வெச்சுக் குளிக்கிற மனுஷன், தண்ணி ஊத்தற சத்தமே வரல. அப்பவே தெரியும். நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன். காலு வெக்கவான்னு எத்தன தரம் கேட்டேன்? அன்னைக்குத் தேடின ஸ்க்ரூகூட இன்னும் கிடைக்கல." அவள் சிரிக்கத்தான் பார்த்தாள். முடியவில்லை. "என்கிட்டகூடவா மறைக்கணும்?"

 தன்னுடைய குட்டு வெளிப்பட்டுவிட்டதே என்ற அவமானம் வரும் என்று அவர் இத்தனை நாள் பயந்துகொண்டிருந்தார். அது வரவில்லை. அதற்குப் பதிலாக, அவளுக்குத் தெரியாத மீதியும் வாய்வரை வந்துவிட்டது. இனி மென்று முழுங்க அவருக்குத் தெம்பில்லை. எல்லாவற்றையும் சொன்னார். குழி, எண்ணெய், பூட்டிக்கொண்ட கால், வந்தாச்சு என்று சொன்ன பொய், பொத்தானுக்குத் தானாகப் போன கை. வலது கையை அவள் முன்னால் நீட்டியே காட்டினார்.

"ஏணி அந்தப் பக்கம் இருந்துச்சு" என்றார். "இந்தப் பக்கம் பிடிச்சுக்க ஒண்ணுமே இல்ல."

அவள் கையில் டீ தளும்பிப் புதுப் பாயில் சிந்தியது. அவள் அதைப் பார்க்கக்கூட இல்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அவர் நீட்டிய கையைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்தாள். நாளெல்லாம் அடுத்தவர் கத்துவதைக் கேட்டுப் பழகிய காது அது. அன்றைக்கு அவள்தான் கத்தினாள். "வந்தாச்சுன்னு சொன்னீங்களா? உள்ள இருந்துக்கிட்டே வந்தாச்சுன்னு சொன்னீங்களா?" என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டு அழுதாள். கத்தக் கூடாது என்று கட்டிய அறை அது. லிஃப்ட்காரர் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்.

அழுகை ஓய்ந்து அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டபோது, "நாளைக்கு ஆபீஸ்ல சொல்லிடறேன், இனிமே குழியில இறங்கலன்னு" என்றார். சொல்வதற்கு முன்னால் அவர் மூச்சு எதையும் இழுக்கவில்லை. அவள் அதைக் கவனித்தாள்.

"சரி, எழுந்திரிங்க" என்றாள். "என் முன்னாடி. பாட்டு வேணாம்."

லிஃப்ட்காரர் கம்பத்தைப் பிடித்தார். முழங்கால் நறநறத்தது. "ஐயோ, அம்மா!" என்று பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்படி வாய்விட்டுக் கத்திக்கொண்டே எழுந்தார்.